மூட்டு மாத்திரைப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது?

2011 உலகக் கிண்ணத் தொடரின்போது உபுல் தரங்கவிடம் நடத்தப்பட்ட ஊக்கமருந்துப் பரிசோதனையில் பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன் ஆகிய ஸ்டீரொய்ட் மருந்துகள் கண்டறியப்பட்டன. நாள்பட்ட தோள் உபாதைக்காக அவர் எடுத்த மூலிகை மருந்தின் வழியாகவே அவை உடலில் சேர்ந்தன என்பதை சர்வதேச கிரிக்கெட் பேரவையின் விசாரணைக்குழு ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மூன்று மாதத் தடை விழுந்தது.

தேசிய அணியில் இருந்த ஒருவருக்கே இந்தக் கதி. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பளு தூக்கப் பழகும் தோட்டத்து இளைஞர்களுக்கு அணி மருத்துவரும் இல்லை, அவர்கள் வாங்கும் போத்தலைப் படித்துச் சொல்ல ஆளும் இல்லை. அவர்களோடு பேசினால், புரதப் பவுடருக்கு அடுத்ததாக மூட்டு மாத்திரை பற்றித்தான் கேட்கிறார்கள். ஸ்குவட் செய்து முழங்கால் பிடித்துக்கொண்டால் மாஸ்டர் ஒரு பெயர் சொல்வார். இல்லையென்றால் மத்திய கிழக்கில் வேலை செய்யும் அக்கா ஒரு போத்தல் அனுப்புவார்.

அதில் பெரும்பாலும் இருப்பது இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் குளுக்கோசமைனும், மிருகக் குருத்தெலும்பிலிருந்து எடுக்கும் கொண்ட்ரொய்ட்டினும். (வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடுகளிலும் இது தெரியாமலே விழுங்கப்படுகிறது.) 2006இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், முழங்கால் தேய்வுள்ள 1,583 பேருக்கு 24 வாரங்கள் இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமாகப் பார்த்தபோது, வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட வலி குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆய்வுக்கு வந்தவர்களோ வயதானவர்கள். இருபது வயதில் அவசரமாக எடையைக் கூட்டியதால் வீங்கிய தசைநாணுக்கு அந்த முடிவைப் பொருத்துவதே கடினம். அதற்குத் தேவை எடையைக் குறைத்து மெல்ல ஏற்றுவதும், முடிந்தால் ஆதார வைத்தியசாலையின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரைப் பார்ப்பதும்.

2026 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய். இறக்குமதிப் போத்தல் ஒன்று பல நாள் கொழுந்தை விழுங்கிவிடும். காசு போனால் போகட்டும் என்றுகூடச் சொல்லலாம். பயனில்லாத மாத்திரையை விட, உடனே வலி பறந்துபோகும் மாத்திரைதான் எனக்குப் பயம். 2022இல் 'ஆர்ட்ரி கிங்' என்ற மூட்டு மாத்திரை பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. லேபலில் எழுதப்படாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோபினாக்கும் அதற்குள் இருந்தன. இதில் டெக்ஸாமெத்தசோன், போட்டிக்காலத்தில் விளையாட்டு வீரர் விழுங்கக்கூடாத ஸ்டீரொய்ட்.

ஊக்கமருந்துச் சட்டத்தில் 'எனக்குத் தெரியாது' என்ற பதில் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இருக்கிறது. அதன் எச்சரிக்கைகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில், மாவட்டப் போட்டிக்கு முன்பே கிடைக்கவேண்டும். பிடிபட்ட பிறகு கையில் கொடுக்கும் கடிதமாக அவை வரக்கூடாது.

இன்னொன்று. லயத்து வீட்டில் ஒரு போத்தல் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. மலையேறிக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்த அம்மாவும் அதே மாத்திரையை எடுப்பார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தால், மறைந்திருக்கும் டெக்ஸாமெத்தசோன் சீனியை ஏற்றிவிடும். மாதக்கணக்கில் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அப்படியான மாத்திரை வீட்டில் இருந்தால், போத்தலோடு வைத்தியரிடம் போங்கள்.