முதலில் ஃபார்மட், பிறகுதான் யோசனையா?

கணினி முரண்டு பிடித்தால் நம்மில் பலர் சொல்லும் முதல் ஆலோசனை, "ஃபார்மட் போட்டுடு." பெண்டாங்கில் இடைநிலைப்பள்ளி நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள், இப்போது பல்கலைக்கழக விடுதியிலும் அதையே கேட்கிறேன். ஃபார்மட் செய்தால் கோளாறு மறையலாம். ஆனால், அது ஏன் வந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. கணினி படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல பழக்கமல்ல என்பது என் கருத்து.

வரைகலை இயக்கியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு, காணொளி போன்ற மென்பொருள்கள் இடும் கட்டளைகளை வரைகலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தருவது இந்த டிரைவர்தான். லினக்ஸில் இதற்குப் பெரிதும் பயன்படுவது மெசா என்ற திறந்தமூலத் திட்டம். பிரையன் பால் அதை 1993-இல் தொடங்கினார். அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கி, தாமே கம்பைல் செய்துகொள்ளலாம்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினி. நானே கம்பைல் செய்த ஒரு டிரைவரில், முப்பரிமாணப் பயிற்சி ஒன்றைத் திறந்ததும் திரை உறைந்துபோனது. கணினியை மறுபடி தொடங்கி, முந்தைய ஓட்டத்தின் கெர்னல் பதிவேட்டைப் பார்த்தேன். சில்லு பதில் தராமல் நின்ற நேரம் அதில் பதிவாகியிருந்தது. புதிய டிரைவரைத் தனிக் கோப்புறையில் வைத்திருந்ததால், கணினியோடு வந்த பழைய டிரைவர் அப்படியே இருந்தது. அதில் அதே பயிற்சி சிக்கலின்றி ஓடியது. ஆக, சில்லு பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. சிக்கல் புதிய நிரலில்தான்.

இரண்டு பதிப்புகளுக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் மாற்றங்கள். ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. நடுவிலுள்ளதைச் சோதித்தால், பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மீண்டும் அதில் பாதி. 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1,024. எனவே பத்துச் சோதனைகள் போதும். 'கிட் பைசெக்ட்' என்ற கட்டளை இதைத்தான் செய்கிறது. இரண்டு மாலைப் பொழுதுகளில் பிழைக்குக் காரணமான ஒரே ஒரு மாற்றம் அகப்பட்டது. அதைப் பதிவேட்டோடு சேர்த்து அத்திட்டத்தாருக்கு எழுதி அனுப்பினேன்.

நாளை இடுபணி ஒப்படைக்க வேண்டுமென்றால் இவ்வளவு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். அன்று பழைய டிரைவரிலேயே வேலையை முடியுங்கள். விடுமுறையில் தேடுங்கள். தேடுவதற்குத் தேவை விலையுயர்ந்த கணினி அல்ல, பொறுமைதான். புதிய கணினி வாங்க வசதியில்லாத நமக்கு இது முக்கியம்: காரணம் தெரிந்தால் பழைய கணினியை வீசியெறிய வேண்டியதில்லை.

இது நிபுணர்களுக்கு மட்டுமான வேலையும் அல்ல. பல கைப்பேசிகளில் உள்ள மாலி வரைகலைச் சில்லுகளுக்கான பான்ஃபிராஸ்ட் என்ற டிரைவர், 2019-இல் மெசாவில் சேர்ந்தது. அதைத் தொடங்கிய அலிசா ரோசன்ஸ்வைக் அப்போது ஒரு மாணவி. அச்சில்லுகள் எப்படி இயங்குகின்றன என்ற விவரக்குறிப்பு வெளியிடப்படாத நிலையில், சோதித்துச் சோதித்தே கண்டுபிடித்தார்கள்.

நம் பள்ளிகளின் கணினிக் கழகங்கள் புறப்பாட நேரத்தில் பவர்பாயிண்ட் போட்டியோடு நின்றுவிட வேண்டாம். ஒரு பழைய கணினியை மாணவர்களிடம் கொடுத்து, "இது ஏன் நின்றுபோகிறது? காரணத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லட்டும். என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதப் பழக்கட்டும். பிழை திருத்தும் கல்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.