முசுட்டு டாக்டரும் சுருக்குப்பை மாத்திரையும்

கல்பாக்கம் நகரியத்தில் ஒரு வீடு. எந்தத் தெரு, எத்தனையாவது நம்பர் என்பதெல்லாம் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிற வீடுதான். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. மகள் செங்கல்பட்டில் நர்சிங் படிக்கிறாள். காலையில் பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதற்குள் செல்போனில் அரை எபிசோட் முடித்துவிடுவாள். மீதி அரை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆயாவின் கட்டிலில்.

அவள் பார்ப்பது 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடர். ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேத்தி கதை சொல்லச் சொல்லப் பார்ப்பார். தடி ஊன்றி நொண்டி நடக்கிற, முகத்தைக்கூட ஒழுங்காகச் சவரம் செய்யாத, யாரைக் கண்டாலும் எரிந்து விழுகிற அந்த ஆளைப் பார்த்ததும், "இவனா டாக்டரு? ரௌடி மாதிரி இருக்கான்" என்றார் முதல் நாள். பத்தே நாளில், "அந்தக் கோவக்கார டாக்டரப் போடுடி" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

ஆயா மட்டுமல்ல, உலகமே அப்படித்தான் கேட்டது. 2004 நவம்பரில் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கிய 'ஹவுஸ்', 8 சீசன், 177 எபிசோட் ஓடி 2012 மே மாதம் முடிந்தது. முடிந்து இத்தனை வருடமாகியும் புதிதாகப் பார்ப்பவர்கள் குறையவில்லை. தொடரை உருவாக்கிய டேவிட் ஷோர், ஷெர்லக் ஹோம்ஸை மனதில் வைத்துத்தான் டாக்டர் ஹவுஸைப் படைத்தார். ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரி இவருக்கு வில்சன். வீட்டுக் கதவு எண்கூட ஹோம்ஸின் 221பி. இதில் ஒரு சுவாரசியம், அந்த ஹோம்ஸே ஒரு டாக்டரைப் பார்த்து உருவானவர்தான். கோனன் டாயிலின் ஆசிரியரான எடின்பரோ மருத்துவர் ஜோசப் பெல், நோயாளியின் நடையையும் கையையும் பார்த்தே அவர் என்ன வேலை செய்கிறவர் என்று சொல்லிவிடுவாராம். ஆஸ்பத்திரியிலிருந்து துப்பறியும் கதைக்குப் போன வித்தை, நூறு வருடம் கழித்து மறுபடி ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தது.

ஹவுஸாக நடித்த ஹியூ லாரி பிரிட்டிஷ்காரர். அவருடைய அப்பா நிஜமான டாக்டர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகில் தங்கம் வென்றவரும்கூட.

அதே 2004-ல் தமிழ்நாட்டில் என்ன ஓடியது தெரியுமா? 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' அங்கே சிடுசிடு டாக்டர் ஹீரோ. இங்கே சிடுசிடு டீன் பிரகாஷ்ராஜுக்கு எதிராகக் கட்டிப்பிடி வைத்தியம் செய்த கமல் ஹீரோ. இருபது வருடம் கழித்து, 2024-ல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' தொடரில் பயிற்சி டாக்டர்களை நடுங்க வைக்கும் டாக்டர் ரதியாக அனுமோல் வந்தபோது, நம் ஊர்க்காரர்களும் கண்டிப்பான டாக்டருக்கு ரசிகர்களாகிவிட்டார்கள்.

இப்படி, நேரில் திட்டினால் இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போடுகிறவர்கள், திரையில் திட்டுகிற டாக்டரை ஏன் ரசிக்கிறார்கள்?

ஆயாவிடம் பேத்தி இதைக் கேட்டாள். ஆயா யோசிக்கவே இல்லை. "கத்துறான். ஆனா விட மாட்டேங்குறான் பாரு."

விஷயம் அவ்வளவுதான். ஹவுஸ் நோயாளியின் அறைக்கே போக விரும்பாதவர். ஆனால் அந்த ஒரு நோயாளிக்காக மூன்று டாக்டர்களைக் கூட்டி உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் அறிகுறிகளை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, தூங்கப் போனாலும் அதே நினைப்பாக இருக்கிறார். முக்கால் மணி நேரமும் ஒரே ஒரு நோயாளி. நிஜத்தில் அது யாருக்குக் கிடைக்கிறது? 67 நாடுகளின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஆரம்ப சுகாதார டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தைக் கணக்கிட்டது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்காளதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, முக்கால் மணி நேரம் தன்னைப் பற்றியே யோசிக்கிற டாக்டர் எவ்வளவு திட்டினாலும் தெய்வமாகத்தான் தெரிவார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆயாவின் கால் வீங்க ஆரம்பித்தது.

பிரஷர் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார். அப்படியும் பிரஷர் குறையவில்லை. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. கூட்டிக்கொண்டு போன இடத்தில் டாக்டர் சத்தம் போட்டார். "உப்பக் குறைக்கச் சொன்னேனா இல்லையா? கருவாடு, ஊறுகாய் எல்லாம் நிறுத்தச் சொன்னேனே?" ஆயா தலையைக் குனிந்துகொண்டார். மாத்திரையின் அளவு கூடியது. வீக்கம் அப்படியே இருந்தது.

அன்று ராத்திரி ஓடிய எபிசோடில், ஹவுஸின் ஆட்கள் நோயாளியின் வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போய் அலமாரியைத் துழாவினார்கள். நோயாளிகள் எதையாவது மறைப்பார்கள், உண்மை அவர்கள் வீட்டில்தான் இருக்கும் என்பது ஹவுஸின் கொள்கை. பேத்தி போனை நிறுத்தினாள்.

"ஆயா, நீ வேற ஏதாச்சும் மாத்திர சாப்புடுறியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சுருக்குப்பை வந்தது. உள்ளே வெற்றிலைப் பாக்கோடு ஒரு மாத்திரை அட்டை. முழங்கால் வலிக்கு, சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது. இரண்டு மாதமாகத் தினம் இரண்டு.

"இத டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"அவரு எங்க கேட்டாரு? உப்புக்கே அந்தக் கத்து கத்துறாரு. இதச் சொன்னா வெளிய அனுப்பிடுவாரும்மா."

இந்த வகை வலி மாத்திரைகள் பல, உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையை வேலை செய்ய விடாது. வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கும். நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு இது தெரியும். தெரிந்தே பக்கத்தில் படுத்துக்கொண்டு வேறு யாருடைய நோயையோ பார்த்துக்கொண்டிருந்தோமே என்பதுதான் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராத காரணம். மறுநாள் அந்த அட்டையோடு போனார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் லேசாகத் திணற ஆரம்பித்திருப்பது தெரிந்தது. வலி மாத்திரை நின்றது. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது.

'ஹவுஸ்' பார்த்து நோய் கண்டுபிடித்த நிஜ டாக்டரும் இருக்கிறார். ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவர் யூர்கன் ஷேஃபர், அந்தத் தொடரை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். 2012-ல் அவரிடம் 55 வயது நோயாளி ஒருவர் வந்தார். இதயம் பலவீனம், பார்வை மங்கல், காது மந்தம், காய்ச்சல். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவர் என்றதும், தொடரில் பார்த்த ஒரு கதை ஷேஃபருக்கு நினைவு வந்தது. செயற்கை மூட்டின் உலோகம் தேய்ந்து, கோபால்ட் ரத்தத்தில் கலந்திருந்தது. மூட்டை மாற்றினார்கள், மனிதர் ஓரளவு தேறினார். 2014-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது. ஷேஃபர் ஹவுஸிடம் கற்றுக்கொண்டது கோபத்தை இல்லை, விடாமல் கேட்பதை.

திரையில் கோபக்கார டாக்டர் ஜெயிப்பதற்குக் காரணம், பூட்டைத் திறந்து உண்மையை எடுத்துவர அவருக்கு ஆள் இருக்கிறது. நிஜ டாக்டருக்கு அந்த வசதி கிடையாது. நோயாளி வாயைத் திறந்தால்தான் உண்டு. திட்டினால் அந்த வாயும் மூடிக்கொள்ளும்.

டாக்டருக்கு இருப்பது இரண்டே நிமிடம் என்றால், பாதி வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போகலாம். அடுத்த முறை பெரியவர்களை அழைத்துப் போகும்போது, அவர்கள் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து, லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது, எல்லாம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு தடவை, குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

ஆயா இப்போதும் ராத்திரி 'ஹவுஸ்' பார்க்கிறார். யாராவது எதையாவது மறைக்கிற காட்சி வந்தால் மட்டும், "சொல்லித் தொலையேன்டா" என்று போனைப் பார்த்துத் திட்டுகிறார்.