நுரைக்கு மேலே ஒரு விருந்தாளி

சானமாவுக் காட்டிலிருந்து சிறிது தொலைவில், தென்பெண்ணையாற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை உள்ளது. டிசம்பர் மாதத்தில் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் மீன் வாங்க அங்கே சென்றிருந்தேன். உடன் வந்த மாணவன் வானத்தைச் சுட்டி, "ஹஜ்ரத், பருந்து!" என்றான்.

அது பருந்தன்று. பருந்து நீர்மேல் மிதப்பதை அள்ளிச் செல்லும். செத்த மீனையும் விடாது. இதுவோ வயிறு வெளுத்து, கண்வழியே கரும்பட்டை ஓட, அந்தரத்தில் சிறகடித்து நின்று, கால்களை முன்னீட்டி நீருக்குள் பாய்ந்தது. விராலடிப்பான் எனும் குளிர்கால விருந்தாளி! உயிருள்ள மீனே அதன் உணவு. மீன் நழுவாதிருக்கப் பாதத்தில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. வெளிவிரலைப் பின்னே திருப்பி, முன்னிரண்டும் பின்னிரண்டுமாகப் பற்றும். என்னே படைப்பின் நுட்பம்!

ஆயினும் மதகருகே வெண்ணுரை பொங்கிக்கொண்டிருந்தது. கர்நாடகத்திலிருந்து கழிவுநீர் கலந்து வருவதன் விளைவு அது. மீனில் சேரும் சில நஞ்சுகள், அதனை உண்ணும் பறவையின் உடலில் பன்மடங்காகத் திரளும். அமெரிக்காவில் டி.டி.டி. மருந்தினால் விராலடிப்பான், வெண்தலைக் கழுகு ஆகியவற்றின் முட்டையோடுகள் மெலிந்து, அடைகாக்கையிலேயே நொறுங்கின. 1963இல் அலாஸ்கா நீங்கலாக அங்கே கணக்கிடப்பட்ட வெண்தலைக் கழுகுகள் 417 இணைகளே. 1972இல் அம்மருந்து தடைசெய்யப்பட்டது; 2007இல்தான் அக்கழுகு அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீங்கியது.

அந்நஞ்சு வேறு, இந்நுரை வேறுதான். எனினும் பறவை கவ்விச் சென்றதும் கெண்டை. என் பையில் இருந்ததும் கெண்டை.