உர நெடியும் நமக்கான ஓர் ஆய்வுத் தலைப்பும்

அம்மா தோட்டத்தில் உரம் போட்டுவிட்டு வீடு திரும்பும் நாள்களில் அவருடைய சட்டையில் ஒரு நெடி ஒட்டிக்கொண்டு வரும். கண்ணைக் கரிக்கும் அந்த நெடிக்கு அம்மோனியா என்று பெயர் என்பதை இடைநிலைப்பள்ளி வேதியியல் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். காசு கொடுத்து வாங்கி மண்ணில் போட்ட உரம் காற்றில் பறந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன் உண்டு. மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த கட்டுரையொன்று, இடப்படும் செயற்கை நைட்ரஜனில் சராசரியாக 18 விழுக்காடு இவ்வாறு காற்றில் கலப்பதாகக் கூறுகிறது. மூட்டைக்கு 4 கிலோ! அது வாகனப் புகையிலிருந்து உருவாகும் அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி, தோட்டத்தையே பார்த்திராதவர்களின் நுரையீரலுக்கும் போய்ச் சேர்கிறது.

இதற்குப் பயிர்ச் சுழற்சியே மருந்து என்று பலர் எழுதுகின்றனர். அவரை இனப் பயிர்கள் வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேமித்துத் தருவதால் அடுத்த பயிருக்கு உரம் குறைவாகப் போதும்; குறைவாக இட்டால் குறைவாகப் பறக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுகளைப் புரட்டும்போது ஒரு குறை தென்படுகிறது. அம்மோனியாவை அளப்பவர்கள் உரமிட்ட பிறகு இரண்டு மூன்று வாரங்கள் அளந்துவிட்டுக் கருவிகளைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். சுழற்சியை ஆராய்பவர்களோ ஆண்டுக்கணக்கில் விளைச்சலை எண்ணுகிறார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் கோதுமை விளையும் பிராட்பாக் வயலின் ஒரு பகுதியில் 1968 முதல் சுழற்சி நடைபெறுகிறது. இந்த இரு சாராரும் ஒரே வயலில் சந்தித்துக்கொள்வது அரிது.

இன்னொன்று. அம்மோனியா மிகுதியாக அளக்கப்பட்டுள்ள வட சீனச் சமவெளியில் கோதுமைக்குப் பின் மக்காச்சோளம் போடுகிறார்கள். பெயர் என்னவோ சுழற்சிதான். இரண்டும் உரத்துக்குப் பசித்திருக்கும் பயிர்கள். கங்கைச் சமவெளியின் நெல், கோதுமைச் சுழற்சியும் இப்படித்தான். துணைக்கோள் அளவீடுகளில் உலகிலேயே அம்மோனியா செறிந்த வட்டாரங்களுள் ஒன்றாக அச்சமவெளி தெரிகிறது. எனவே சுழற்சி என்ற சொல்லைக் கண்டதும் நாம் மகிழ்ந்துவிடக் கூடாது.

சரி, நம் நாட்டில் செம்பனை ஏறக்குறைய 25 ஆண்டுகள் நிற்கும் மரமாயிற்றே, அதை எப்படிச் சுழற்றுவது? மறுநடவின்போது கன்றுகளுக்கிடையே படரவிடப்படும் பியூரேரியா, முக்குனா போன்ற கொடிகள் இங்கே அந்த வேலையைச் செய்கின்றன. இக்கொடிகள் ஆண்டுக்கு ஹெக்டருக்குச் சுமார் 150 கிலோ நைட்ரஜனைச் சேர்ப்பதாக அகமுத்துவும் பிரௌட்டனும் 1985-இலேயே எழுதினர். கணக்குப் போட்டால் ஆறரை மூட்டை யூரியா! அக்கொடியின் இலைகள் தரையில் மட்கும்போது எவ்வளவு அம்மோனியா மேலே போகிறது, கொடி கொடுத்ததைக் கழித்துக்கொண்டு உரமிட்டால் இழப்பு எவ்வளவு குறையும் என்பவற்றை நம் மழையிலும் நம் வெயிலிலும்தான் அளக்க வேண்டும். குளிர்நாட்டு எண்களை இரவல் வாங்கிப் பயனில்லை. புத்ரா பல்கலைக்கழகத்தின் பிந்துலு வளாகத்தில் யூரியாவோடு ஜியோலைட்டைக் கலந்து இழப்பைக் குறைக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. கொடிகளுக்கும் அத்தகைய கவனம் வேண்டும்.

விலையுயர்ந்த கருவிக்கு எங்கே போவது என்று இறுதியாண்டு நண்பர்கள் கேட்கலாம். பிரேசில் ஆய்வாளர்கள் 2 லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, அமிலத்தில் தோய்த்த நுரைப்பட்டையை உள்ளே தொங்கவிட்டே அம்மோனியாவைப் பிடித்திருக்கிறார்கள். நமக்குப் போத்தலுக்கா பஞ்சம்? ஒவ்வோர் ஆண்டும் பழைய தலைப்புகளையே தூசு தட்டுவதைவிட, பிறந்த தோட்டத்தில் பத்துப் போத்தல்களை நட்டு வைக்கலாம். ஆனால் காலம் பார்க்க வேண்டும். செம்பனை வளர்ந்து நிழல் விழுந்துவிட்டால் கொடிகள் மடியத் தொடங்கிவிடும். மறுநடவுக்குப் பிந்திய முதல் சில ஆண்டுகள்தாம் அளப்பதற்கு ஏற்றவை.

எப்போது அளக்கத் தொடங்குவது என்று எனக்குள் ஒரு குழப்பம் இருந்தது. நெடி எந்த நாளில் அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடமே கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "லேசா தூறல் போட்டு, மறுநாள் சுள்ளுன்னு வெயில் அடிச்சா, அன்னிக்குத்தான்டா" என்றார். தூறல் யூரியாவைக் கரைக்கும், ஆனால் மண்ணுக்குள் இறக்காது. வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முதல் போத்தலை அப்படியொரு நாளில் வைப்பதாக இருக்கிறேன்.