அப்போதே ஏன் சொல்லவில்லை?

ஐக்கிய அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தின் மிக உயர்ந்த நீதிஸ்தலமாகிய அப்பீல் கோர்ட்டு, 2023-ம் வருஷம் நவம்பர் 21-ந் தேதி சில கிரிமினல் அப்பீல்களில் தீர்ப்பளித்தது. லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், தங்களைத் தண்டித்த சட்டம் அரசியல் சட்டத்திற்கு விரோதமானதென்று முறையிட்டிருந்தனர். விசாரணைக் கோர்ட்டிலேயே இவ்வாதத்தை எழுப்பவில்லையென்ற காரணத்தைக் கூறி, அதன் நியாயாநியாயங்களை ஆராயாமலே கோர்ட்டார் அதைத் தள்ளிவிட்டனர். துப்பாக்கியைப் பற்றியதாகத் தோன்றும் இவ்விஷயம், உண்மையில் பிரஜையின் உரிமையைப் பற்றியதாகும்.

நியூயார்க்கில் 1911-ம் வருஷம் ஸல்லிவன் சட்டம் ஏற்பட்டது. அதையொட்டி வளர்ந்த லைசென்ஸ் முறைப்படி, வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல விரும்புவோர் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டியிருந்தது. தற்காப்புக்காக என்று பொதுவாகச் சொன்னால் போதவில்லை; பிறருக்கில்லாத விசேஷ ஆபத்து தமக்கு உண்டென்று லைசென்ஸ் அதிகாரியைத் திருப்தி செய்ய வேண்டியிருந்தது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த நம் நாட்டாருக்கு, அதிகாரியின் திருப்தி என்பது இன்னதென்று நாம் விளக்க வேண்டுவதில்லை. லைசென்ஸின்றி, குண்டு நிரப்பிய துப்பாக்கியுடன் வெளியே பிடிபட்டவருக்கோ, சாதாரணமாகக் குறைந்தது மூன்றரை வருஷம், அதிகபக்ஷம் 15 வருஷம் சிறைவாசம்.

2022-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக நின்ற 'புரூயென்' வழக்கில், இந்த விசேஷ காரண நிபந்தனை செல்லாதென்று தீர்ப்புக் கூறிற்று. வழக்கைத் தொடுத்தவர்கள் துப்பாக்கிக்காரர் சங்கத்தாரும் அதைச் சேர்ந்த இருவருமாவர். ஆனால் நியூயார்க் நகரத்து ஏழைகளுக்காக வாதாடும் வக்கீல்களில் ஒரு பகுதியினரும் அவர்களை ஆதரித்து மனுச் செய்தனர். இச்சட்டத்தின் பளு பெரும்பாலும் கறுப்பு இனத்தவர் தலைமீதே விழுகிறது என்பது அவர்கள் முறையீடு. இவ்வாறு உரிமை பிரகடனமாயிற்று. அப்பீல் முடியாமல் காத்திருந்த கைதிகளுக்கோ கதவு அடைக்கப்பட்டது.

எதிர்வாதம் அற்பமானதன்று. ஆட்சேபம் முதலிலேயே எழுந்தால்தான் சர்க்கார் தரப்பு பதில் சொல்லவும் சாக்ஷியம் விடவும் இயலும் என்கின்றனர். பொதுவாக இது நல்ல விதியே. ஆனால், மேல்கோர்ட்டுகள் நெடுங்காலமாக ஏற்றுவந்த ஒரு சட்டம் பிற்காலத்தில் விழுமென்று அறிய, பிடிபட்ட ஏழைக்கும் அவனுக்குக் கிடைத்த வக்கீலுக்கும் ஜோசியமா தெரியும்?

மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்து உயர்ந்த கோர்ட்டார் வேறு வழி காட்டினர். அங்கே லைசென்ஸ் உண்டென்பதற்கு எதிரியே ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. 2023-ம் வருஷம் ஏப்ரலில் 'குவார்தாதோ' வழக்கில், லைசென்ஸ் இல்லையென்பதைச் சர்க்கார் தரப்பே ருசுப்படுத்த வேண்டுமென்று அவர்கள் தீர்மானித்தனர். முன்பு சரியாக எழுப்பப்படாத வாதமாயினும், புரூயென் தீர்ப்புக்கு முன் அதை எதிர்பார்த்திருக்க முடியாதென்று மன்னித்து, அப்பீல் நிலுவையிலிருந்த வழக்குகளுக்கும் அதன் பயனை அளித்தனர். இதனால் குற்றவாளிகள் கூட்டமாக வெளியேறிவிடவில்லை. அதே வருஷம் அக்டோபரில் அவ்வழக்கு மறுவிசாரணைக்கே அனுப்பப்பட்டது. லைசென்ஸ் முறையும் அழிந்துவிடவில்லை.

நாம் துப்பாக்கிக்கு வக்கீலாக வரவில்லை. லைசென்ஸ் முறை அவசியமென்றே கருதுகிறோம். செல்லாததாயிற்று ஒரு நிபந்தனையே, லைசென்ஸ் கடமையன்று என்று சர்க்கார் தரப்பார் கூறுவதிலும் சாரமுண்டு. அப்படியாயின் கைதியின் வாதத்தைக் கேட்டு, ஆராய்ந்து, காரணத்துடன் நிராகரிக்கட்டும். கேட்க மறுப்பது நிராகரிப்பதினும் கொடிது.

சுதந்திர நாட்டில் உரிமை என்பது சங்கம் வைத்து வழக்காட வல்லவருக்கு மட்டும் உரியதன்று. சட்டத்தில் குற்றமுண்டென்று வெளிப்பட்ட பிறகு, அதைப்பற்றி நீ முன்பே பேசவில்லையே என்று சிறையிலிருப்பவனைக் கேட்பது நீதியாகாது. உரிமைகளைக் காக்க உழைக்கும் எந்த நாட்டாரும் இப்பாடத்தை மனத்திற் கொள்வது நலம்.