எதிர் வீடு குறைந்த வீடா?



கம்போங் ராஜாவில் பனிமூட்டம் இறங்கிய ஒரு காலையில் என் அறிவியல் பாடம் தோற்றுப் போனது. கம்பளிச் சட்டையில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்க்க வேண்டும். அன்று ஒரு துணுக்கும் அசையவில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் மின்னூட்டம் கசிந்துவிடும். நண்பகல் வெயிலில் சீப்பையும் கம்பளியையும் உலர்த்திய பின்னரே சோதனை கைகூடியது.

“சீப்புக்குள் என்ன போனது டீச்சர்?” என்றான் ஒரு மாணவன். எலக்ட்ரான், அதன் மின்னூட்டம் எதிர்மம் என்றேன். “அப்படியென்றால் அதில் ஏதோ குறைகிறதா?” என்றான்.

நல்ல கேள்வி. அதில் எதுவும் குறையவில்லை. நேர்மம், எதிர்மம் என்னும் பாகுபாட்டை 1747இல் பெஞ்சமின் பிராங்கிளின் வகுத்தார். எலக்ட்ரானைத் தாம்சன் கண்டறிந்ததோ 1897இல்தான். முன்னரே வைத்த பெயரில் அதன் பங்கிற்கு ‘எதிர்மம்’ வந்து சேர்ந்தது, அவ்வளவே. எதிர் வீடு என்பதால் அது குறைந்த வீடாகிவிடுமா?

இதையெல்லாம் தொடக்கப்பள்ளியில் பேசுவது தேவையா, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சுமையல்லவா என்று சக ஆசிரியர் சிலர் கேட்கின்றனர். நான் உடன்படவில்லை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல் என்றுதானே பயிற்சிக் காலத்தில் நமக்குக் கற்பித்தார்கள்? நம் மாணவர்களுக்குப் பின்னம் தெரியும். அது போதும்.

புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. இக்கருத்தை 1964இல் கெல்-மானும் ஸ்வைக்கும் தனித்தனியே முன்வைத்தனர். எலக்ட்ரானுடைய மின்னூட்டத்தின் அளவை 1 எனக் கொண்டால், மேல் குவார்க்கின் மின்னூட்டம் நேர்மம் 2/3. கீழ் குவார்க்கினுடையது எதிர்மம் 1/3. புரோட்டானில் இரண்டு மேல், ஒரு கீழ். கரும்பலகையில் எழுதுங்கள்: 2/3 + 2/3 - 1/3 = 1. நியூட்ரானில் ஒரு மேல், இரண்டு கீழ்: 2/3 - 1/3 - 1/3 = 0. நான்காம் ஆண்டு மாணவர் போடக்கூடிய கணக்கு இது! நியூட்ரான் மின்னூட்டமே இல்லாத வெறுமையன்று, உள்ளே இருப்பவை ஒன்றையொன்று சமன்செய்கின்றன என்பதையும் அக்கணக்கே சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் மாணவர்களிடம் மறைக்காதீர்கள். புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 1836 மடங்கு. எலக்ட்ரானுக்குள் குவார்க்குகளும் இல்லை. இவ்வளவு வேறுபட்ட இரண்டின் மின்னூட்டங்களும் அளவில் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கின்றன. மிக நுண்ணிய சோதனைகளிலும் வேறுபாடு தென்படவில்லை. இந்தச் சமன் இல்லாவிடில் அணு நடுநிலையில் இராது. தேயிலைச் செடியும் இராது, நாமும் இரோம். ஏன் இப்படி ஒத்திருக்கின்றன என்பதற்கு அறிவியலாளரிடம் இன்றும் உறுதியான விடை இல்லை.

அதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. பெரியவர்களுக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று உண்டு, அது தங்களுக்கும் உரியது என்று பிள்ளைகள் அறிந்த தருணம் அது. தேர்வில் வராது என்று சொல்லி அத்தருணத்தை அவர்களிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை என்பதே என் தாழ்மையான கருத்து.

பனி விலகும்வரை காத்திருந்தேனும் சீப்பைத் தேய்ப்போம், ஆசிரியர்களே. கேள்விக்கு முன்னால் நாம் தயங்கினால், மாணவன் கேட்பதையே நிறுத்திவிடுவான்.