களை எடுப்பவரின் குறுக்கு வலியையும் பேசுவோம்

போன பிசானத்தில் ஒருநாள் காலை, கன்னடியன் கால்வாய்த் தண்ணீருக்கு மடை வெட்டிவிட்டு நிமிர்ந்தேன். வலது புட்டத்தில் சுள்ளுன்னு ஒரு வெட்டு. தொடையின் பின்பக்கமாக ஓடிக் கெண்டைக்கால் வரை இறங்கியது. "வாயுப் பிடிப்பு அண்ணாச்சி, வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்றார் பக்கத்து வயல்காரர்.

மருத்துவர் சொன்னது வேறு. வலி காலில், காரணம் குறுக்கில். உடம்பிலேயே தடித்த நரம்பு சியாட்டிக் நரம்பு. அது கீழ்முதுகில் புறப்பட்டு, புட்டம் வழியாகக் காலுக்குப் போகிறது. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி அதன் வேரை அழுத்துவதுதான் பெரும்பாலும் காரணம். வயதானவர்களுக்குத் தண்டுவடப் பாதை குறுகியும் அழுத்தும். புட்டத்துத் தசை இறுகினாலும் நரம்பு நெருக்குப்படும். பின்பாக்கெட்டில் தடித்த பர்சோடு வங்கி நாற்காலியில் 30 வருஷம் உட்கார்ந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பஞ்சகவ்யம் நிரப்பிய 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் ஏற்றினேன். கேட்பானேன்!

என் வலி சில வாரங்களில் அடங்கிவிட்டது. பலருக்கும் அறுவை இல்லாமலே அடங்கும். ஆனால் பாதம் தளர்ந்து இழுத்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒத்தடம் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. களைக்கொல்லி தொடமாட்டோம் என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது யாருடைய குறுக்கு? என் வயலில் களை பறிக்கும் பெண்கள் "காலு மரத்துப் போகுது அண்ணாச்சி" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. எனக்கு வந்த பிறகுதான் அது காதில் விழுந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கீரைத் தோட்டக் கூலிகள் ஓரடி, இரண்டடிப் பிடி போட்ட களைக்கொத்தால் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தார்கள். நீளப் பிடி போட்டால் பயிர் கெடும் என்றார்கள் தோட்ட முதலாளிகள். முதுகு போனவர்கள் வழக்காடினார்கள், மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-இல் குட்டைப் பிடிக்குத் தடை வந்தது. விவசாயம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

"பாட்டன் காலத்துல இல்லாத நோவா?" என்று கேட்பீர்கள். இருந்தது, வாயு என்று பெயர் வைத்திருந்தோம். நம் கூட்டங்களில் மண்புழுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். மம்பட்டிப் பிடியின் நீளத்தைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை.

இந்தக் காரில் வரிசை நடவுக்கு மாறுகிறேன். அப்போதுதான் நின்றபடியே கோனோவீடர் தள்ள முடியும். எங்கள் சேற்றில் அது கனம்தான், பெண்கள் சலித்துக்கொள்கிறார்கள். வாழைக்குக் களைக்கொத்துகளுக்கு நெஞ்சளவு பிடி போடக் கொல்லரிடம் கொடுத்திருக்கிறேன். எடை குறைந்த களைக்கருவி யாரிடமாவது இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். சேரன்மகாதேவியிலிருந்து வந்து பார்த்துக்கொள்கிறேன்.